எச்.எம்.டி. ஜனதா: பதினொரு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

பெங்களூர் அல்சூரில் வசிக்கும் நான் பதினொரு ஆண்டுகளாக எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை அன்றாடம் கட்டி வருகிறேன். அரசு நிறுவனமான எச்.எம்.டி. (ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ்) ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டு வைத்து 1961இல் இந்நகரில் தொடங்கிய ஆலையின் வழிவந்த கடிகாரம் இது. பேட்டரி கிடையாது, கை அசைவில் தானாகச் சாவி ஏறும் வசதியும் கிடையாது. டயலில் அச்சிட்டிருக்கும் 17 ஜுவல்ஸ் என்பது சக்கரங்களின் அச்சுமுனைகளிலும் மற்ற உராயும் இடங்களிலும் பதித்த செயற்கை மாணிக்கக் கற்களைக் குறிக்கிறது. உராய்வையும் தேய்மானத்தையும் இக்கற்கள் குறைப்பதால்தான் எத்தனையோ பழைய ஜனதாக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தினமும் காலையில், காபி குடித்த கையோடு, கடிகாரத்தைக் கழற்றி வைத்துச் சாவி கொடுப்பேன். கையில் கட்டியபடியே திருகினால் சாவித்தண்டு பக்கவாட்டில் அழுந்தித் தேயும். நேரம் தவறாமல் சாவி கொடுப்பதற்கும் காரணம் உண்டு: சாவி கொடுக்கும்போது இறுகி விசையைச் சேர்க்கும் மெயின்ஸ்பிரிங் தளரத் தளர அதன் விசை குறைந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வீசும் அளவும் சுருங்கி, ஓட்டத்தின் சீர் கெடும். மணிக்கு 18,000 அடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து டிக் என்ற கணக்கில், ஒரு நாளில் 4,32,000 முறை அடிக்க வேண்டிய இயந்திரத்திடம் நாளுக்குப் பத்து வினாடிப் பிசகைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஐந்தாம் ஆண்டில் அது திடீரென ஒரே நாளில் இருபது நிமிடம் முந்திப் போனது. எண்ணெய் வற்றிவிட்டது என்று எண்ணிச் சிவாஜி நகரில் வழக்கமாகப் போகும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கடிகாரத்தின் அருகில் ஒரு திசைகாட்டியைக் கொண்டுவந்ததும் அதன் ஊசி துள்ளியது. "காந்தம் புடிச்சிருக்கு தம்பி, ராத்திரி ஸ்பீக்கர் மேல வைப்பீங்களா?" என்று கேட்டார். நான் வைத்ததுண்டு. பேலன்ஸ் சக்கரத்தை ஊசலாட வைக்கும் மெல்லிய சுருள்வில்தான் ஹேர்ஸ்பிரிங்; காந்தமேறிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போது அதன் பயன்படும் நீளம் குறைந்து கடிகாரம் வேகமெடுக்கிறது; காந்தம் நீக்கும் கருவியின் மேல் ஒருமுறை காட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. திடீரென வேகமாக ஓடும் கடிகாரத்தைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் முதலில் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்ததற்குப் பிறகு பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர், கூடவே அசலின் மேல் புதிதாகப் பெயின்ட் பூசி எழுத்தை அச்சிட்ட மறுபூச்சு டயல்களும் பெருகின. நானும் இணையத்தில் எச்.எம்.டி.யின் பைலட் என்ற கறுப்பு டயல் கடிகாரம் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். படத்தில் புதிதுபோல் மின்னியது. கைக்கு வந்தபின் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எழுத்துகளின் ஓரத்தில் மை கசிந்திருந்தது, நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்கவில்லை, முட்களின் நடுத் துளையைச் சுற்றிப் பெயின்ட் திரண்டிருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை. ஏனெனில் அந்தப் பூச்சுக்கு அடியில் ஆலையில் அச்சிட்ட அசல் டயல் ஒன்று அழிந்து கிடக்கிறது. என் ஜனதாவின் வெள்ளை டயல் வெளிறி மஞ்சளாகிவிட்டது, பன்னிரண்டுக்கு அருகில் ஒரு சிறு கறையும் உண்டு. அதை யாரும் தொட நான் விடமாட்டேன்.

கண்ணாடி அக்ரிலிக் என்பதால் கீறல் விழும், தேய்த்தால் மறையும். மழைதான் எதிரி. ஒருமுறை நனைந்து உள்ளே ஆவி படிந்ததை அன்றே பிரித்து உலர்த்தியதால் துரு ஏறாமல் தப்பியது.

சென்ற மாதம் சர்வீஸ் முடிந்து வந்தபின், டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால் இரவில் நான்கு வினாடி முந்துகிறது. சாவி கீழே வரும்படி நிறுத்தி வைத்தால், அச்சுமுனையின் பக்கவாட்டு உராய்வு கூடுவதாலோ என்னவோ, மூன்று வினாடி பிந்துகிறது. ஆகவே ஓரிரவு படுக்கவும் மறுஇரவு நிறுத்தியும் வைக்கிறேன்.