விளம்பரத்தில் ஒரு விலை, கடைசி இரவில் ஒரு விலை: கப்பல் சுற்றுலாவில் எதை எதோடு ஒப்பிடுவது?

கப்பல் சுற்றுலாவின் கடைசி இரவில் அறைக் கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழையும். இப்போது பல கப்பல்களில் அது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. இறுதிக் கணக்கு! என் முதல் பயணத்தில் அந்தத் தாளை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. ஆறு மாதங்களுக்கு முன் இரண்டு கப்பல்களின் விளம்பர விலைகளை அருகருகே வைத்து, குறைந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேனே, பிழை அங்கே இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கப்பலை எந்தக் கப்பலோடு ஒப்பிட்டாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இறங்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும்? ஏறவே முடியாமல் போனால் எவ்வளவு திரும்பி வரும்? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. பெரிய நட்டங்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

மலிவுக் கட்டணமா, எல்லாம் அடங்கிய கட்டணமா

ஒரு பக்கம் கார்னிவல், ராயல் கரீபியன், எம்எஸ்சி போன்ற பெருங்கப்பல் நிறுவனங்கள். அறை, பொது உணவகங்களில் சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் ஆகியவை கட்டணத்துக்குள் வரும். மது, வைஃபை, சிறப்பு உணவகங்கள், கரைச் சுற்றுலா, ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆகியவை வெளியே. மறுபக்கம் ரீஜென்ட் செவன் சீஸ் போன்ற நிறுவனங்கள். இவை ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரே தொகையில் அடக்கிவிடும். நடுவில் வைக்கிங்: வைஃபை, துறைமுகத்துக்கு ஒரு கரைச் சுற்றுலா, சாப்பாட்டு வேளையில் ஒயினும் பீரும் உள்ளே, டிப்ஸ் உள்ளேயா வெளியேயா என்பது எந்த நாட்டில் டிக்கெட் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வைக்கிங் கப்பல்களில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை என்பதையும் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். மலிவுக் கப்பலில் ஒருவருக்கு ஓர் இரவுக்குக் கட்டணம் 100 டாலர் என்று கொண்டால், துறைமுகக் கட்டணமும் வரியும் 15, டிப்ஸ் 16, மதுத் தொகுப்பு (நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டுக் குடிக்கும் திட்டம்) 65, வைஃபை 18, கரைச் சுற்றுலா சராசரியாக 30. கூட்டினால் 244. எல்லாம் அடங்கிய கப்பலில் கட்டணம் 180, வரி 15, ஆக 195. விளம்பரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்காகத் தெரிந்த கப்பல், கடைசியில் மலிவாகிவிட்டது.

ஆனால் இதே கணக்கை மது அருந்தாத, கரையில் இறங்கித் தானாகவே நடந்து ஊர் பார்க்கிற, ஒரு வாரம் இணையம் இல்லாவிட்டால் மூச்சுத் திணறாத ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். 131-இல் முடிந்துவிடும். அவருக்கு 195 என்பது மற்றவர்களின் கோப்பைக்குத் தான் பணம் கட்டுவது. கப்பல்களை ஒப்பிடுவதற்கு முன்னால் உங்கள் பழக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒரே இரண்டு கப்பல்கள், ஆள் மாறினால் தீர்ப்பும் மாறிவிடும்.

டிப்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அது நீங்களாகக் கையில் எடுத்துக் கொடுப்பது அல்ல. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். குழந்தைக்கும் பெரும்பாலும் ஏறும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்த பிறகு, அமெரிக்காவில் விற்கும் பெரிய நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்டத் தொடங்கின. அப்போதும் டிப்ஸ் அந்த எண்ணுக்குள் வரவில்லை.

மதுத் தொகுப்பை வாங்குவதற்கு முன் இரண்டைக் கவனியுங்கள். ஒரே அறையில் உள்ள பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியே ஆக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதித்திருக்கின்றன. அடுத்து, ஏழு நாள் பயணத்தில் நான்கைந்து நாள் துறைமுகத்தில் நின்றால், பகல் முழுவதும் நீங்கள் கரையில் இருப்பீர்கள். தொகுப்பின் கட்டணமோ அந்த நாள்களுக்கும் முழுதாக ஓடும். கடலிலேயே அதிக நாள் கழியும் பயணத்தில்தான் அது கட்டுப்படியாகும்.

காப்பீடு: மூன்று கடைகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கப்பல் நிறுவனம் டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் பாதுகாப்புத் திட்டம், காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாக வாங்கும் பாலிசி, கிரெடிட் கார்டோடு ஒட்டிக்கொண்டு வரும் காப்பீடு என்று மூன்று வழிகள் இருக்கின்றன.

கப்பல் நிறுவனத்தின் திட்டம் வாங்க எளிது. டிக்கெட் படிவத்தில் உள்ள ஒரு கட்டத்தைக் குறியிட்டால் போதும். வயதைப் பார்த்து விலை ஏற்றாமல், கட்டணத்தை வைத்தே பெரும்பாலும் விலை வைப்பதால் முதியவர்களுக்கு இது சில சமயம் மலிவாகவும் அமையும். காரணம் எதுவானாலும் ரத்து செய்யலாம் என்ற வசதியும் பல திட்டங்களில் உண்டு. ஆனால் அப்படி ரத்து செய்தால் பெரும்பாலும் கிடைப்பது பணம் அல்ல, அடுத்த பயணத்துக்கான வரவுச் சீட்டு. உடல்நலம் கெட்டு ரத்து செய்பவருக்கு இன்னொரு கப்பல் பயணச் சீட்டு எதற்கு? மருத்துவச் செலவுக்கும், நோயாளியை மருத்துவமனைக்கோ ஊருக்கோ கொண்டுபோகும் அவசர இடமாற்றத்துக்கும் உள்ள உச்சவரம்பும் இந்தத் திட்டங்களில் பொதுவாகக் குறைவு. நீங்கள் வேறிடத்தில் வாங்கிய விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பெரும்பாலும் இதற்குள் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் நிறுவனமே கவிழ்ந்தால் அதன் திட்டம் உங்களைக் காப்பாற்றாது. நடக்காத கதை அல்ல. 2020 ஜூலையில் குரூஸ் அண்ட் மேரிடைம் வாயேஜஸ் நிறுவனம் திவால் நிர்வாகியின் கைக்குப் போய் முடங்கியது. 2022 ஜனவரியில் ஜென்டிங் ஹாங்காங் குழுமம் சரிந்தபோது அதன் கிரிஸ்டல் குரூஸஸும் நின்றுபோனது. மயாமிக்குப் போக வேண்டிய அதன் கிரிஸ்டல் சிம்ஃபனி கப்பல், கப்பலையே கைப்பற்றச் சொன்ன நீதிமன்ற ஆணைக்குத் தப்பி பஹாமாஸின் பிமினித் தீவுக்குத் திரும்பியது. பயணிகள் அங்கிருந்து படகில் கரைசேர வேண்டியிருந்தது.

தனியாக வாங்கும் பாலிசியில் இந்த நிதிமுறிவுப் பாதுகாப்பைத் தேடி வாங்கலாம். மருத்துவ வரம்பும் பெரிதாகக் கிடைக்கும். கப்பலில் டாக்டரும் சிறு மருத்துவமனையும் உண்டு, ஆனால் அங்கே ஆகும் செலவு நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறும். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்பீட்டில் கோர வேண்டும். ஊரில் இருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடலில் செல்லாது. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர்கூட, கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத் தூரத்துக்கு மேல் போய்விட்டால் கைவிரித்துவிடும். நோயாளியை விமானத்தில் மருத்துவக் குழுவோடு ஊர் கொண்டுவரும் செலவு லட்சம் டாலரைத் தாண்டுவதுண்டு. அதனால் பாலிசியில் நான் முதலில் பார்ப்பது பிரீமியத்தை அல்ல, அவசர இடமாற்றத்துக்கு எதிரே எழுதியிருக்கும் எண்ணை.

இதன் குறை, படிக்க வேண்டும் என்பதே. பல நாடுகளில் சாதாரணப் பயணப் பாலிசியில் கப்பல் பயணம் சேராது. அதற்கென்று தனி இணைப்பு வாங்க வேண்டும். தொற்று வந்து அறைக்குள்ளேயே அடைபட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தருவது, தவறவிட்ட துறைமுகத்துக்கு ஈடு தருவது எல்லாம் அந்த இணைப்பில்தான் இருக்கும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய், இதய நோய் போன்றவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில நாட்டுப் பாலிசிகளில், முன்பணம் கட்டிய நாளிலிருந்து பெரும்பாலும் 14 முதல் 21 நாள்களுக்குள் வாங்கினால் பழைய நோய்களுக்கான விலக்கைத் தளர்த்துகிறார்கள். எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் வசதிக்கும் அதே போன்ற கெடு உண்டு. அதில் திரும்புவது பொதுவாக 50 முதல் 75 சதவீதம், ஆனால் பணமாக. முன்பணம் கட்டிய வாரத்திலேயே காப்பீட்டை முடித்துவிட வேண்டும் என்று நான் நச்சரிப்பது இந்தக் கெடுவுக்காகத்தான். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது. அட்லான்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

கிரெடிட் கார்டுக் காப்பீடு? பெட்டி தாமதமாவது, விமானம் தாமதமாவது போன்றவற்றுக்கு நல்லது. மருத்துவத்தில் பெரும்பாலும் மிகக் குறைவு. அதையே நம்பிக் கடலில் இறங்குவது குடையை நம்பிப் புயலுக்குள் போவது மாதிரி.

என் தீர்ப்பைக் கேட்டால்: உடல்நிலையில் சந்தேகம் உள்ளவர்களும் விமானம், ஹோட்டல் எல்லாம் தனித்தனியாக வாங்கியவர்களும் தனிப் பாலிசிக்கே போகட்டும். வீட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் போய்வருபவர், மற்ற மருத்துவக் காப்பீடும் கைவசம் உள்ளவர் என்றால் கப்பல் நிறுவனத்தின் திட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முன்கூட்டியே பதிவா, கடைசி நேரப் பதிவா

ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்களுக்கு விற்பனைக் காலம். அப்போது முன்பணம் மட்டும் கட்டி இடம் பிடித்தால், விருப்பமான அறையும் கிடைக்கும். முழுத்தொகை கட்ட வேண்டிய நாள் வரைக்கும் வெளியேற வழியும் இருக்கும். அந்த நாள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாள் முன்பு வரும். அதற்குள் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும். வலியப் போன் செய்து உங்கள் பணத்தைத் திருப்பித் தர யாரும் காத்திருக்கவில்லை. திரும்பி வராத முன்பணம் என்று கொஞ்சம் மலிவாக விற்பதும் உண்டு, வாங்கும்போது அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

கடைசி நேரத்தில் காலி அறைகளைத் தள்ளிவிடும்போது கட்டணம் மலிவாக இருக்கலாம். ஆனால் பதிவு செய்த நொடியிலேயே முழுத்தொகையும் போய்விடும், ரத்து செய்தால் பாதியோ முழுவதுமோ பறிபோகும் காலத்துக்குள் நீங்கள் இருப்பீர்கள். துறைமுகத்துக்குப் போகும் விமான டிக்கெட்டின் விலை, கப்பலில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடலாம். துறைமுகத்துக்கு அருகில் வசிப்பவர், பணி ஓய்வு பெற்றவர், எந்த அறையானாலும் சரி என்பவர் ஆகியோருக்கு மட்டுமே இது சரிப்படும். நால்வர் அடங்கிய குடும்பம் இதை நம்பியிருக்கக் கூடாது. நால்வர் தங்கும் அறைகள் கொஞ்சம்தான், அவை முதலில் தீர்ந்துவிடும். தனியாகப் போகிறவரும் கவனிக்க வேண்டும்: பல கப்பல்களில் இரண்டு பேர் கட்டணத்தை ஒருவரே கட்ட நேரிடும்.

இரண்டுக்கும் நடுவில், பருவம் மாறும்போது கப்பல்களை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு நகர்த்தும் ஒருவழிப் பயணங்கள் இருக்கின்றன. இரவுக்கணக்கில் பார்த்தால் மிக மலிவு. திரும்பி வரும் விமானக் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், பிறகு மகிழுங்கள்.

அறையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. துறைமுகங்கள் நிறைந்த பயணத்துக்கு ஜன்னலில்லாத உள்ளறை போதும். பனிமலைகளை ஒட்டிப் போகும் பயணத்துக்குப் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. வயிற்றைப் புரட்டும் உடல்வாகு உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த அறை என்பதை நிறுவனமே முடிவு செய்யும் மலிவு டிக்கெட் இவர்களுக்கு ஆகாது.

கரையில்: கப்பலின் சுற்றுலாவா, வெளியாரா

வெளியார் நடத்தும் சுற்றுலா மலிவு, கூட்டம் குறைவு, வழிகாட்டியோடு நாலு வார்த்தை பேசலாம். கப்பல் விற்கும் சுற்றுலாவில் ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போவீர்கள். ஆனால் அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவிலேயே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வானிலையால் கப்பல் அந்தத் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டால் அந்தச் சுற்றுலாவுக்கான பணமும் தானாகத் திரும்பும். வெளியாரிடம் கட்டியது திரும்புமா என்பது அவர் போட்ட நிபந்தனையைப் பொறுத்தது.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவ் டோமே தீவில், தனியார் சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பயணிகள் திரும்பி வரத் தாமதமானது. நங்கூரமிட்டிருந்த கப்பல் அவர்கள் கண்ணெதிரே புறப்பட்டுவிட்டது. பல நாடுகளைச் சொந்தச் செலவில் கடந்துதான் அவர்கள் அதைத் துரத்த வேண்டியிருந்தது.

கப்பல் இரவு வரை நிற்கும் ஊரில் நான் வெளியாரோடு போகிறேன். மாலை நாலு மணிக்கே புறப்படும் ஊரில், அல்லது பார்க்க வேண்டிய இடம் துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தால், ஐம்பது பேர் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்குப் போட்டியிடுகிறேன். இரண்டிலும் ஒரு சிக்கல் பொது: சில பயணங்களில் கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒரு மணி நேரம் வேறுபடும். கைப்பேசி யாரையும் கேட்காமல் கரையின் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். அதனால் சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். அதற்குக் கப்பலின் நேரம் மட்டும்தான் தெரியும்.