சிறுவாணியா, பில்லூரா? கோவைக்குக் குடம் நிரப்பும் இரண்டு அணைகள்

கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "ஏனுங்க, இங்க சிறுவாணித் தண்ணிங்களா, பில்லூருங்களா?" சிறுவாணி என்றால் கேட்டவர் முகம் மலரும். பில்லூர் என்றால் "பரவால்லீங்க" என்பார்கள். அந்தப் "பரவால்லீங்க" நியாயமானதுதானா? வடவள்ளியில் பத்து வருஷம் சிறுவாணி குடித்துவிட்டு, இப்போது கணபதிப் பக்கம் பில்லூர் குடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுவையில் சிறுவாணிதான். என் அம்மா நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார், அடுப்பில் வைத்துத்தான் பார்ப்பார். போர்வெல் தண்ணீரில் விறைத்து நிற்கிற துவரம்பருப்பு, சிறுவாணியில் இரண்டு விசிலில் குழைந்துவிடும். தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு துளிகூட இருக்காது. முத்திக்குளம் மலைக் காட்டில் பெய்த மழை, ஊர் எதையும் தொடாமல் நேரே அணைக்கு இறங்குகிறது. உப்பு கரைவதற்கோ சாக்கடை கலப்பதற்கோ வழியே இல்லை. பில்லூர்த் தண்ணீரும் மலைத் தண்ணீர்தான், பருப்பும் நன்றாகவே வேகிறது. ஆனால் நீலகிரியில் அடைமழை பிடித்தால், பில்லூருக்கு வரும் பவானி ஆறு செந்நிறமாக வரும். சுத்திகரித்த பிறகும் அந்த நாட்களில் குடத்தின் அடியில் மெல்லிய வண்டல் தங்குவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். துணியில் வடிகட்டித்தான் பிடிப்போம்.

செலவிலும் சிறுவாணிக்குத்தான் மதிப்பெண். அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, சிறுவாணி அடிவாரத்தில் சுத்திகரிப்பாகி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே நகரத்தை எட்டிவிடுகிறது. பில்லூர்த் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். கரன்ட் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் பில்லூருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

சிறுவாணி அணை நிற்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973-இல் இரு மாநிலங்களும் 99 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு, தமிழகத்தின் செலவில் கட்டப்பட்டது. வருஷத்துக்கு 1.3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) நமக்கு என்பது கணக்கு. அணையோ சிறியது. முழு மட்டம் 49.5 அடி, நிரம்பினால் 0.65 டிஎம்சிதான். அதாவது ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிரம்பினால்தான் ஒப்பந்தக் கணக்கு நேராகும். நாளுக்கு சுமார் 10 கோடி லிட்டர் எடுக்கலாம் என்றாலும், கோடையில் அதில் பாதிகூடக் கிடைக்காத நாட்கள் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு, பாதுகாப்பு கருதி 45 அடிக்கு மேல் தேக்கக் கேரளம் விடுவதில்லை. மேலே குறைகிற அந்த நாலைந்து அடிதான் நம் ஏப்ரல், மே மாதத் தண்ணீர். 2016-இல் இரண்டு பருவமழையும் பொய்த்து, 2017 கோடையில் அணையின் அடிமட்ட இருப்பைக்கூட இறைக்க வேண்டி வந்தது. வடவள்ளியில் அப்போது தண்ணீர் வருகிற நாளுக்காக எங்கள் தெருவே குடங்களை வரிசையில் வைத்துக் காத்துக் கிடந்தது.

பில்லூர் 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை. குந்தா நீர்மின் திட்டத்தின் கடைசிப் படிகளில் ஒன்று. மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி மின்நிலையங்களில் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் பில்லூரில் சேர்கிறது. அங்கே இரண்டு 50 மெகாவாட் எந்திரங்கள். பில்லூரின் பலம் இதில்தான் இருக்கிறது. சிறுவாணி தன் தலையில் பெய்யும் மழையை மட்டும் நம்பி நிற்க, பில்லூருக்கு மேலே மலை முழுக்க அணைகள் சேமித்து வைத்திருக்கின்றன. மழையே இல்லாத ஏப்ரலிலும், மேலே எந்திரம் சுற்றினால் கீழே தண்ணீர் வரும்.

தொல்லையும் அதே இடத்தில்தான். எந்திரம் எப்போது சுற்ற வேண்டும் என்பதை மின்வாரியம் மாலை நேர மின்தேவையைப் பார்த்து முடிவு செய்கிறது. குடிநீருக்கோ இருபத்து நாலு மணி நேரமும் அணையில் மட்டம் இருந்தாக வேண்டும். இதற்கு நல்ல விடை, 2024-இல் திறந்த மூன்றாவது பில்லூர்த் திட்டத்தில் இருக்கிறது. அணைக்குள்ளிருந்து எடுக்காமல், கீழே நெல்லித்துறைப் பக்கம் பவானி ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள். மின்சாரம் கொடுத்து முடித்த தண்ணீரே குடிநீராகவும் ஆகிறது. நாளுக்குச் சுமார் 17.8 கோடி லிட்டருக்கான திட்டம் இது. சிறுவாணியின் முழு அளவைவிடவே அதிகம்.

பில்லூரில் என்னை உறுத்துவது வண்டல். நூறு அடி அணை என்று பெயர், அடியில் பல அடி சேறு. அதனால்தான் ஒரு கனமழைக்கே 97 அடியைத் தொட்டு மதகு திறந்துவிடுகிறார்கள், மேட்டுப்பாளையம் கரையோரத்தில் வெள்ள எச்சரிக்கை ஒலிக்கிறது. அடுத்த கோடையில் அதே அணை கிடுகிடுவென இறங்குகிறது. புதிதாகக் குழாய் போடுவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைத் தூர் வாருவதில் காட்டினால் போதும் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவாணி ஆறு அட்டப்பாடியில் பவானியோடு சேர்கிறது. அந்தப் பவானிதான் தமிழகத்துக்குள் திரும்பிப் பில்லூருக்கு வருகிறது. மேலே நாம் எடுக்காமல் விட்ட சிறுவாணித் தண்ணீரைத்தான் கணபதியில் "பில்லூர்" என்ற பேரில் கொஞ்சம் குடிக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது, சொம்பில் இருந்த தண்ணீரை இன்னொரு வாய் குடித்துவிட்டு, "அப்படிங்களா?" என்றார்.

இப்போது வீடு மாறச் சொன்னால் நான் கணபதியை விட்டுப் போக மாட்டேன். மே மாதம் குழாயில் தண்ணீர் வருகிறது. சுவைக்கு மட்டும், வடவள்ளியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேன் நிரப்பிக்கொண்டு வருகிறேன். அம்மா அதில்தான் காபி போடுகிறார்.