மாதச் சம்பளமா, தனி வழியா? மெக்லாரனும் லென் லையும்

கேமரா இல்லாமல் பிலிம் சுருளிலேயே வரைந்து படம் செய்தவர்கள் இந்த இருவரும். 1930-களில் இருவருமே லண்டனில் பிரிட்டிஷ் தபால் துறையின் படப் பிரிவுக்கு வேலை பார்த்தார்கள். லையின் 'எ கலர் பாக்ஸ்' (1935) பார்சல் கட்டணத்துக்கான விளம்பரம்தான்! வண்ணக் கோடுகள் துள்ளி ஓடும், கடைசியில் தபால் செலவு வரும்.

அப்புறம் பாதை பிரிந்தது. ஸ்காட்லாந்துக்காரரான நார்மன் மெக்லாரன் 1941-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் சேர்ந்தார். பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார். பிலிமும் கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில். மனிதர்களையே பொம்மைபோல ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுத்த 'நெய்பர்ஸ்' (1952) ஆஸ்கர் வாங்கியது.

நியூசிலாந்தில் பிறந்த லை 1944-இல் நியூயார்க் போனார். அங்கே புரவலர் கிடைப்பது குதிரைக் கொம்பு. 1958-இல் கறுப்பு பிலிமைக் கூர்மையான கருவிகளால் கீறி 'ஃப்ரீ ராடிகல்ஸ்' செய்தார். ஆப்பிரிக்க முரசொலிக்கு ஏற்ப வெள்ளைக் கீறல்கள் சுழன்று நடுங்கும். அதில் ஒரு கீறல்கூட வீணில்லை. பிரஸ்ஸல்ஸில் பரிசும் கிடைத்தது, ஆனால் அடுத்த படத்துக்குக் காசு வரவில்லை. வெறுத்துப்போய் அசையும் எஃகுச் சிற்பங்களுக்குத் திரும்பினார்.

நிம்மதியாக நிறைய செய்ய வேண்டுமென்றால் மெக்லாரன் வழிதான் சரி. எனக்கு என்னவோ, அந்தச் சில நிமிடக் கீறல்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. லை வடிவமைத்த, காற்றில் வளைந்தாடும் 45 மீட்டர் உயரக் காற்றுக்கோல் என்ற சிற்பம், அவர் இறந்த பிறகுதான் நியூசிலாந்தின் நியூ பிளிமத் கடற்கரையில் நின்றது.