கெர்னலிலிருந்து மாட்யூல் ஃபங்ஷனை அழைப்பது: பல வருட அனுபவம்

லினக்ஸ் கெர்னலின் மையப் பகுதியிலிருந்து ஒரு டிரைவர் மாட்யூலின் (கெர்னல் ஓடும்போதே சேர்க்கவும் கழற்றவும் முடிகிற கோடு) ஃபங்ஷனை அழைக்க வேண்டும் என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த மாட்யூல் லோடு ஆகாமல் இருந்தால் கெர்னல் என்ன செய்யணும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெயரைச் சொல்லி நேராக அழைக்க முடியாது. கெர்னலின் துண்டுகள் ஒன்றாக லிங்க் ஆகும் நேரத்தில் மாட்யூல் அங்கே கிடையாது. 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று லிங்க்கர் நிறுத்திவிடும். ஃபங்ஷனின் பெயரை மாட்யூல்களுக்குத் திறந்துவிடும் எக்ஸ்போர்ட் சிம்பல் போட்டாலும் பயனில்லை, அது பின்னால் வரும் மாட்யூல்களுக்கானது.

இத்தனை வருடத்தில் என்னைக் கைவிடாதது சாதாரண ஃபங்ஷன் பாயிண்டர்தான், அதாவது ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி. மையத்தில் ஒரு காலி பாயிண்டர். அதை நிரப்பவும் காலி செய்யவும் எக்ஸ்போர்ட் செய்த ஒரு ஃபங்ஷன். சாக்கெட் கோடில் விலான் (மெய்நிகர் லேன்) ஐஆக்டில் (புரோகிராம் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) கையாளப்படும் இடத்தைப் படித்துப் பாருங்கள். பாயிண்டர் காலியாக இருந்தால் ரிக்வெஸ்ட் மாட்யூல் வழியாக விலானுக்கான 8021க்யூ மாட்யூலை லோடு செய்யச் சொல்கிறது. அப்புறம் மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) பிடித்துக்கொண்டு மறுபடி பார்க்கிறது. வந்திருந்தால் அழைக்கிறது, வராவிட்டால் 'பேக்கேஜ் இல்லை' என்ற பிழை எண்ணைத் திருப்புகிறது. அழைப்பு முடியும்வரை மியூடெக்ஸை விடுவதில்லை. அதனால் பாயிண்டரைக் காலி செய்ய வரும் மாட்யூல் காத்திருந்தே ஆகவேண்டும்.

உண்மையான சிக்கல் அழைப்பதில் இல்லை, மாட்யூல் வெளியேறுவதில்தான். வெளியிலிருந்து வந்த ஒரு டிரைவர் பாயிண்டரைக் காலி செய்துவிட்டு உடனே கிளம்பியது. இன்னொரு சிபியு அதே ஃபங்ஷனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிக்கை) வந்தது. 'லாஸ்ட் அன்லோடட்' என்ற இடத்தில் அந்த டிரைவரின் பெயரே இருந்தது. இது தினமும் நடக்காது என்பதால்தான் பிடிப்பது கஷ்டம். அழைக்கும் பாதையில் தூக்கம் இல்லாவிட்டால் ஆர்சியு (ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் முறை) போதும்: பாயிண்டரைக் காலி செய்து, சிங்க்ரனைஸ் ஆர்சியு முடிந்த பிறகே மாட்யூல் போகலாம். நீண்ட நேரம் வைத்திருப்பதாக இருந்தால், மாட்யூலைக் கழற்ற முடியாதபடி பிடித்து வைக்கும் ட்ரை மாட்யூல் கெட். டிசிபி நெரிசல் கட்டுப்பாடு மாட்யூல்களில் எந்த மாட்யூலுக்குச் சொந்தம் என்று சொல்லும் ஓனர் புலம் இருப்பது இதற்காகவே. ஒரு சாக்கெட் பயன்படுத்தும்வரை, மாட்யூலைக் கழற்றும் கட்டளையான ஆர்எம்மாட் மறுத்துவிடும்.

பெயரைக் கொண்டு ஃபங்ஷனைத் தேடித் தரும் சிம்பல் கெட்டை நான் அரிதாகவே தொடுகிறேன். மாட்யூல் ஏற்கெனவே லோடு ஆகியிருக்க வேண்டும், சிம்பல் புட் செய்யும்வரை அதைக் கழற்றவும் முடியாது. கேஆல்சிம்ஸில் (கெர்னல் சிம்பல்களின் முகவரிப் பட்டியல்) முகவரியைத் தேடி அழைப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது மாட்யூலைப் பிடித்து வைப்பதில்லை, ஃபங்ஷனின் வகையையும் கம்பைலர் சரிபார்க்காது.

வேகம் பற்றிய கவலை நியாயமானது. 2018இல் ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்புக் குறை வெளிவந்து, அதைத் தடுக்கும் ரெட்போலின் சேர்ந்த பிறகு பாயிண்டர் வழி அழைப்புக்குச் செலவு கூடியது. 5.10 பதிப்பில் வந்த ஸ்டேடிக் கால் (பாயிண்டருக்குப் பதில் நேரடி அழைப்பைக் கோடிலேயே மாற்றி வைப்பது), அடிக்கடி ஓடும் பாதைகளில் அதைக் குறைக்கிறது. ஐஆக்டில் மாதிரி எப்போதாவது வரும் அழைப்புக்கு அது தேவையே இல்லை.

எது கெர்னலுக்குள், எது மாட்யூல் என்று சொல்லும் கான்ஃபிகில் ஒரு எச்சரிக்கை. 'இஸ் எனேபிள்டு' என்ற சோதனை மாட்யூலுக்கும் 'ஆம்' என்றே சொல்லும். அதை நம்பி எழுதிய அழைப்பு லிங்க்கில் உடையும். 'இஸ் ரீச்சபிள்' போட்டால் உடையாது, ஆனால் அந்த வசதி சத்தமில்லாமல் காணாமல் போகும். எனக்கு லிங்க்கில் உடைவதே மேல், அங்கேயே தெரிந்துவிடுகிறது.