கிளினிக் மேனேஜர்: வெளியாளா, கூடவே நின்ற அக்காவா?

கோவில்பட்டியில் மூன்று நாற்காலி போட்ட பல் கிளினிக் என்னுடையது. ஒற்றை நாற்காலியாக இருந்தவரை மேனேஜர் என்ற பேச்சே எழவில்லை. மூன்றானதும் நிலைமை மாறியது. ரூட் கெனால் (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது) நடுவில், பல் உறை செய்து தரும் லேபின் பையன் பில்லோடு வந்து நிற்பான். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேருக்குக் கம்பி மாற்ற வேண்டும் என்று பல் வரிசை சரிசெய்யும் ஆர்த்தோ டாக்டர் போன் செய்வார். எல்லாவற்றுக்கும் நான்தான் வாய் திறக்க வேண்டும், கையோ இன்னொருவர் வாய்க்குள்.

மனைவியை உட்கார வைப்பது பல இடங்களில் நன்றாகவே நடக்கிறது. என் மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை, அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் இரண்டு வழிகள். ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தவரை வெளியிலிருந்து எடுப்பது, அல்லது ஏழு வருடமாகப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் சக்‌ஷன் பிடித்த உதவியாளர் அக்காவையே மேனேஜர் ஆக்குவது. இரண்டையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு அக்காவுக்கு.

படித்து வந்த தம்பி எட்டு மாதம் இருந்தார். குறை சொல்ல மனம் வரவில்லை. எக்ஸ்ரே லைசென்ஸ், மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை சிவப்புப் பை ரிஜிஸ்டர் என்று நான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலைகளை ஒரே வாரத்தில் முடித்தார். கம்ப்யூட்டரும் கணக்கும் சுத்தம்.

இடித்தது வேறொரு இடத்தில். ரூட் கெனாலில் முதல் சிட்டிங்கிலேயே பெரும்பாலும் வலி போய்விடும். வலி போனால் ஆளும் போய்விடுவார். மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. நாளாக நாளாக அது தேய்ந்து, ஓரத்தில் எச்சில் இறங்கி, திரும்பவும் சீழ் கட்டும். முழுதாக முடித்துவிட்டு, பல் மேல் மாட்டும் உறையான கேப் போடாமல் திரிகிறவர்கள் இன்னொரு கூட்டம். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல், கடினமாக எதையாவது கடித்தால் பிளந்துவிடும். கடலை மிட்டாய் ஊரில் இதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்? வேர்வரை பிளந்தால் பிடுங்க வேண்டியதுதான். கெட்ட பெயர் எனக்கு.

இவர்களைத் திரும்ப வரவைப்பதுதான் மேனேஜரின் முதல் வேலை என்பது என் கட்சி. தம்பி எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். வந்தவர்கள் சொற்பம். அக்கா போன் செய்கிற விதமே வேறு. "அண்ணாச்சி, வலி நின்னுட்டுன்னு விட்டுட்டீங்களாக்கும்? உள்ள மருந்துதான் இருக்கு, இன்னும் அடைக்கல. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க, முக்கால் மணி நேரத்துல அனுப்பிருதேன்."

அந்த முக்கால் மணி நேரக் கணக்கு படிப்பில் வராது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் வேருக்குள் ஒரு கால்வாய், மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்றோ நான்கோ. கால்வாய் கூடினால் நேரமும் கூடும். தம்பி எல்லோருக்கும் அரை மணி நேரம் என்று எழுதிவைப்பார், ஏழு மணிக்கு வாசலில் கூட்டம் முணுமுணுக்கும்.

அக்காவைப் பழக்க ஆறு மாதம் ஆனது. முதல் மாதம் அப்பாயின்ட்மென்ட் நோட்டு மட்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எழுதுவார், ஆன நேரத்தை நான் பக்கத்தில் எழுதுவேன். அடுத்து லேப் நோட்டு. லேப் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளித்தான் நோயாளியிடம் சொல்ல வேண்டும். அப்புறம் ராத்திரி கல்லாவையும் ஜிபேயையும் ஒத்துப்பார்ப்பது. சம்பளத்தை மட்டும் முதல் நாளே கூட்டிவிட்டேன். பழகி முடித்தபின் கூட்டலாம் என்று இருந்தால் வேறு கிளினிக் கூப்பிட்டுக்கொள்ளும்.

ஒரு தப்பு என்னுடையது. மற்றப் பிள்ளைகள் லீவுக்கு என்னிடமே வந்தார்கள், நானும் தலையாட்டினேன். நேற்றுவரை கூட வேலை பார்த்தவரிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சம். "அக்காகிட்ட கேளும்மா" என்று நான் சொல்லப் பழகவே இரண்டு மாதம் பிடித்தது.

எக்செல் அக்காவுக்கு இன்னும் பிடிபடவில்லை. லைசென்ஸ் காகிதங்கள் திரும்ப என் தலையில். பத்து நாற்காலி, இரண்டு கிளை, இன்ஷூரன்ஸ் என்று நடத்துகிறவர்களுக்குப் படித்தவரே சரியாக இருக்கலாம். அந்த அனுபவம் எனக்கில்லை. ஏழு வருடம் நிற்காமல், ஒரு வருடமே நின்ற உதவியாளர் என்றால் இதே முடிவை எடுத்திருப்பேனா என்பதும் சந்தேகம்.

அக்கா நின்ற இடத்துக்குச் சரியான ஆள் இன்னும் அமையவில்லை. சிக்கலான ஞானப்பல் வந்தால் அவரே கையுறை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அந்த நேரம் முன்னால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.