ஞாயிற்றுக்கிழமை காலையில் கொலை பார்க்கப் போனோம்: ஒரு மெட்ராஸ் உலா, 900 ரூபாய்

பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் அவர்கள் கொண்டுவரும் ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொள்ளுங்கள், கடைசியில் ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அஞ்சுக்கு மூணு நட்சத்திரம். அதில் இரண்டு ஆளவந்தார் வழக்குக்கு, ஒன்று எங்களோடு வந்த ஒரு பெரியவருக்கு. நடத்தியவர்களுக்குத் தனியாக ஒன்றும் மிச்சமில்லை. பெயரைப் போடாமல் விடுகிறேன், புதிதாக ஆரம்பித்த சின்னப் பிள்ளைகள், திருத்திக்கொள்ளக்கூடிய தப்புகள்தான்.

விஷயம் இதுதான். பழைய மெட்ராஸில் பேர்போன கொலைகள் நடந்த இடங்களை ஒரு டெம்போ டிராவலரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். காலை ஆறரைக்குப் பாரிமுனை, பதினொன்றரைக்கு வேப்பேரியில் இறக்கிவிடுகிறார்கள். நடுவில் இட்லி, வடை, காபி. தலைக்கு 900. அன்றைக்கு நாங்கள் பதினாறு பேர், பாதிக்கு மேல் முப்பது வயதுக்குக் கீழே, மொபைலில் கொலைக்கதை பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே ஆபீஸ் போகிற தலைமுறை.

நான் போனதற்குக் காரணம் பாட்டி. அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருக்கும், பழைய பட்டுப்புடவையும் ரசகற்பூர உருண்டையும்தான் உள்ளே. மத்தியானம் தூங்காமல் அடம்பிடித்தால், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "அது ஆளவந்தார் பெட்டிடா, திறந்து பார்க்கிறியா?" என்பாள். ஆளவந்தார் என்றால் யார் என்று தெரியாத வயதிலேயே அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டித் தூங்கமாட்டேன். கொலைக்கதை ஏன் பிடிக்கிறது என்று பெரிய பெரிய விளக்கமெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெட்டிதான். பயம் வேறெங்கோ இல்லை, நம் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டும் தூரத்தில், பூட்டுப் போட்டு இருக்கிறது. அதைத்தான் இந்த உலாவில் எதிர்பார்த்துப் போனேன், கொஞ்சம் கிடைக்கவும் செய்தது.

முதல் தப்பு கிழமை. ஆளவந்தார் கதை ஆரம்பிப்பது என்.எஸ்.சி. போஸ் ரோட்டில், அந்தக் காலத்துச் சைனா பஜார், ஜெம் அண்ட் கோ என்ற பேனாக் கடையில். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அந்த ரோட்டில் ஷட்டரும் நாயும்தான் இருக்கும். எதிரே ஹைகோர்ட், அதுவும் பூட்டு. வாரநாளில் கூட்டிப்போனால் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள், சரி, ஆனால் ஒரு பேனாக் கடை வாசலில் பேனாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு மூடிய ஷட்டரைப் பார்த்து நிற்பதற்கு 900 ரூபாய் அதிகம்.

கதையைத் தெரியாதவர்களுக்காக: ஆளவந்தார் ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், நாற்பது தாண்டியவர், ஜெம் அண்ட் கோவை ஒட்டி ஒரு சின்ன இடத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்றார். கூடவே தவணைக்குப் புடவை வியாபாரம். இந்தத் தவணை விஷயத்தை எங்கள் கைடு ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார், எனக்கோ மொத்தக் கதைக்கும் சாவி அதுதான் என்று தோன்றியது. தவணைக்காரனுக்குத் திறக்காத கதவு கிடையாது. அவன் மாசாமாசம் வரலாம், திண்ணையில் உட்காரலாம், ஏன் வந்தான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பேனா வாங்க வந்த ஓர் இளம்பெண்ணோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது, பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறொருவரோடு கல்யாணம் ஆனது, இவர் விடவில்லை. 1952 ஆகஸ்ட் 28 அன்று அவர் ராயபுரம் சிமெட்ரி ரோட்டில் இருந்த அந்தத் தம்பதியின் வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

ராயபுரத்துக்கு நாங்கள் போனபோது ஏழரை. வேன் தெருவுக்குள் நுழையாமல் முனையில் நின்றது. ஒரு பக்கம் கறிக்கடை வரிசை, இன்னொரு பக்கம் சர்ச்சுக்குக் கிளம்பிய குடும்பங்கள், நடுவில் நாங்கள் பதினாறு பேர் கழுத்தில் அடையாள அட்டையோடு. கைடு தம்பி ஸ்பீக்கரைப் போட்டார். 'டொய்ங்' என்று ஒரு திகில் இசை. கறிக்கடையில் கத்தி நின்றது. தலையைத் தனியே எடுத்துக் கடலில் போட்டார்கள், அலை திரும்பக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கிவிட்டது என்ற இடத்துக்கு வந்ததும் குரலை இறக்கி, "கடல் அந்தப் பாவத்தை ஏற்றுக்கொள்ளவில்லை" என்றார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தப் பெரியவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கரையோரம் போட்டா அலை கொண்டாந்துதான் தம்பி போடும். அதுக்குப் பாவம் புண்ணியமெல்லாம் தெரியாது."

நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவராம். கட்டம் போட்ட சட்டை, ஜோல்னா பை, அந்தப் பைக்குள் ஒரு பழைய டைரி. அதன்பிறகு நான் கைடு பக்கம் போகவே இல்லை, அவர் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த இடத்தில் கைடு, மிச்ச உடலை வைத்த பெட்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏற்றியதாக ஆரம்பித்தார். இவர் கையை உயர்த்தினார், ஸ்கூல் பையன் மாதிரி.

"ரயிலைக் கொஞ்சம் நிறுத்துங்க. போட் மெயில் சென்ட்ரல்லேர்ந்து போகாது, எக்மோர். நாம நிக்கிறதே எக்மோர் வாசல்ல."

கைடு சிரித்து மழுப்பினார். ஆனால் அந்த ரயில்தான் இந்தக் கொலையின் மூளை என்பதைப் பெரியவர்தான் இட்லி சாப்பிட்டுக்கொண்டே எங்கள் நாலைந்து பேருக்குச் சொன்னார். போட் மெயில் எழும்பூரில் கிளம்பி தனுஷ்கோடி போகும், அங்கே கப்பல், அந்தப் பக்கம் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். ஒரு பெட்டியை ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டால், அது நம் ஊரை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகும். ஆனால் மானாமதுரைக்கு வருவதற்குள் நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் சொல்ல, போலீஸ் இறக்கித் திறந்தது. தலை இல்லாத உடல். இங்கே மெட்ராஸில் ஒரு மனைவி, புருஷனைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதில்தான் இந்த வழக்கின் பேர். கரையில் கிடைத்த தலையையும் ரயிலில் கிடைத்த உடலையும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். காது மடலில் குத்தியிருந்த துளைகள், அப்புறம் கைரேகை. கைரேகையை ஒப்பிட எங்கே போவது? ராணுவத்தில் இருந்தவர் ஆச்சே, அங்கே பதிவு இருந்தது. "வேலைக்குச் சேர்ற அன்னிக்கு மையில விரலைத் தொட்டு வச்சிருக்கார், அது இத்தனை வருஷம் கழிச்சு வந்து 'இது நான்தான்'னு சொல்லியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சாம்பாரை இன்னொரு கரண்டி கேட்டார். திகில் இசை இல்லாமலே எனக்கு முதுகு சிலிர்த்தது.

தீர்ப்பு 1953 ஆகஸ்டில். நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர். அந்த ராயபுரம் தம்பதியில் புருஷனுக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம். செய்த காரியத்தைப் பார்த்தால் குறைவு என்று அன்றைக்கே பேசியிருக்கிறார்கள், செத்தவரின் நடத்தையைப் பார்த்தால் இதுவே அதிகம் என்றும் பேசியிருக்கிறார்கள். எங்கள் வேனிலும் அதே சண்டை நடந்தது. பின் ஸீட்டில் இருந்த ஒரு பெண், "அந்தப் பொண்ணு இடத்துல யாராவது நின்னு பார்த்தீங்களா?" என்று கேட்டதும் வேன் கொஞ்ச நேரம் அமைதியானது. உலாவிலேயே நல்ல நிமிஷம் அதுதான், அதற்கு நடத்தியவர்கள் எதுவும் செய்யவில்லை.

கடைசி நிறுத்தம் வேப்பேரி, ஜெனரல் காலின்ஸ் ரோடு. லட்சுமிகாந்தன் கொலை. இதைத்தான் அவர்கள் 'கிளைமாக்ஸ்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், இங்கேதான் எனக்குக் கோபமும் வந்தது.

லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', அதை நிறுத்தியபின் 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தியவர். நடிகர் நடிகையர், பணக்காரர்கள், இவர்களின் அந்தரங்கத்தை எழுதுவது, எழுதாமல் இருக்கக் காசு வாங்குவது. 1944 நவம்பர் 8 அன்று வக்கீல் நண்பரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பும்போது இந்த ரோட்டில் கத்திக்குத்து, மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. கைதானவர்களில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். அந்தத் தீபாவளிக்கு வந்த பாகவதர் படம் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது என்பார்கள் இல்லையா, அதன் பெரும்பகுதி நேரம் ஹீரோ ஜெயிலில் இருந்தார். சாயங்காலம் திரையில் பாடுகிறார், ராத்திரி அறையில் பூட்டிவிடுகிறார்கள், ஊர் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்தது. ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றது, 1945 மே மாதம் ஆயுள் தண்டனை, ஹைகோர்ட் அப்பீல் தோற்றது, அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது, 1947 ஏப்ரல் 25 அன்று ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார், பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவில்லை. குத்தியது யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

இதற்கு இவர்கள் செய்தது என்ன? ரப்பர் கத்தியோடு ஒரு பையன் ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, இன்னொரு பையனைக் குத்தி, சட்டையில் சிவப்புச் சாயம். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "ஷூட்டிங்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதுவரைகூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அப்புறம் ஆளுக்கு ஒரு சீட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் கொடுத்தார்கள், பேனாவில் மண்டை ஓடு படம். 'லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? உங்கள் ஓட்டு!' கீழே நாலு கட்டம். முதல் இரண்டு கட்டத்தில், கோர்ட் விடுதலை செய்த அந்த இரண்டு பேரின் பெயர்கள்.

சொல்லுங்கள், இது நியாயமா? கிட்டத்தட்ட இரண்டரை வருஷம் ஜெயிலில் இருந்து, லண்டன் வரை போராடி வெளியே வந்தவர்களை, முக்கால் நூற்றாண்டு கழித்து, காபி குடித்துவிட்டு வந்த பதினாறு பேர் டிக் அடித்து மறுபடி உள்ளே தள்ளுவதா? மர்மக்கதையில் கடைசிப் பக்கம் வேண்டும் என்று மனசு துடிக்கும்தான், எனக்கும் துடித்தது. அதற்காக நாமே ஒரு கடைசிப் பக்கம் எழுதி, உயிரோடு இருந்த மனுஷன் பேரை அதில் போடக்கூடாது. பெரியவர் சீட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்தார், நாலாக மடித்தார், கைடு கையிலேயே வைத்தார். "அக்விட்டல் ஆன கேஸு, தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தத் தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது, பாவம், அவர் எழுதிய சீட்டாக இருக்காது.

இறங்கும்போது அடுத்த உலாவுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள்: திருவான்மியூர், ஆட்டோ சங்கர், இரவு ஸ்பெஷல், 1,500 ரூபாய். நான் போகமாட்டேன். 1988-இல் நான் அடையாறு பக்கம் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன், விளக்கு வைத்த பிறகு ஆட்டோவில் ஏறக்கூடாது என்று எங்கள் தெரு மொத்தத்துக்கும் சட்டம். சேலம் ஜெயிலில் அவனைத் தூக்கில் போட்டது 1995-இல், நேற்று மாதிரி இருக்கிறது. காணாமல் போனவர்களின் வீட்டு ஆட்கள் இன்னும் இதே ஊரில் பஸ் ஏறுகிறார்கள். அதை இரவு ஸ்பெஷலாக விற்பது எனக்கு ஒப்பவில்லை, உங்களுக்கு ஒப்பினால் அது உங்கள் இஷ்டம்.

அதற்குப் பதில் இவர்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கலாம். 1919-இல் தேனாம்பேட்டை நியூயிங்டனில், ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்கான கல்லூரியின் பிரின்சிபால் டி லா ஹே, தூங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களில் கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள் வழக்கில் சிக்கினார்கள், விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டது, கடைசியில் தண்டனை இல்லை. அந்த வழக்குச் செலவில் நொடித்துப்போனதால்தான் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலைக் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு விட்டது என்று திருநெல்வேலிப் பக்கம் சொல்வார்கள். தேனாம்பேட்டையில் ஒரு ராத்திரி வெடித்த துப்பாக்கிக்கும் மலைமேல் தேயிலை பறித்தவர்களின் வாழ்க்கைக்கும் ஒரு கோடு போகிறது என்றால், அதை விடச் சுவாரசியம் ரப்பர் கத்தியில் கிடைக்குமா?

மற்றபடி: இட்லி நன்றாக இருந்தது, வடை ஆறிப்போயிருந்தது. பாத்ரூம் எழும்பூரில் ஒருமுறை மட்டும், பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நேரம் இருந்தால் எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸில் இருக்கும் போலீஸ் மியூசியத்தைத் தனியாகப் போய்ப் பாருங்கள், இவர்கள் அதன் வாசல் வழியாகவே போய் உள்ளே கூட்டிப்போகவில்லை.

என் சீட்டு இன்னும் சட்டைப் பையில் காலியாகத்தான் இருக்கிறது. அவர்கள் கொடுத்த பேனாவும் எழுதவில்லை.