சீல் பிரிக்காத ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ (சின்னப் போர்வீரன்) பொம்மை, அட்டையோடு, சீல் பிரிக்காதது, 1991-ல் கடைக்கு வந்த சரக்கு என்று சொல்லி 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். வந்தது என்னவென்றால், யாரோ விளையாடித் தேய்ந்த ஸ்னேக் ஐஸ் (ஜி.ஐ. ஜோ வீரர்களில் ஒருவன்) பொம்மையைப் புதிதாக அச்சடித்த அட்டையில் வைத்து, மேலே புது பிளாஸ்டிக் மூடியை ஒட்டியது. புகார் கொடுத்திருப்பதால் ஆள் யார் என்று இங்கே சொல்லவில்லை, ஆனால் அதே படங்கள் வேறு பெயரில் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கின்றன, அதனால்தான் இந்தப் பதிவு.

எண்பதுகளின் கடைசியில் எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் கோவா தொழிற்சாலையில் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தது. ஜி.ஐ. ஜோவை உருவாக்கிய அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்தே செய்தாலும் சில பொம்மைகளின் நிறம் அமெரிக்காவில் விற்றதைப் போல இருக்காது, அதனால் வெளிநாட்டுக்காரர்களும் இவற்றைத் தேடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது காரணமே இல்லை. மூன்றே முக்கால் அங்குலப் பொம்மை, பிறந்தநாளுக்கு ஒன்று கிடைத்தால் பெரிய விஷயம், கடையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அட்டையைக் கிழித்திருப்போம், பின்பக்கத்தில் இருக்கும் வீரனின் விவரத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டுவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். பிரிக்காத அட்டைக்கு இன்று இந்த விலை வருவதும், அதை நம்பி இந்த ஆட்கள் கடை விரிப்பதும் அதனால்தான்.

பார்சல் வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அட்டையின் பின்பக்கத்தில் இருந்த கம்பெனி முகவரி. 1991 அட்டையில் ஆங்கிலத்தில் சென்னை என்று அச்சாகியிருக்கிறது! ஊர்ப்பெயர் மாறியது 1996-ல், அதுவரை ஆங்கிலத்தில் மெட்ராஸ்தான். விற்றவரிடம் கேட்டால், "அந்தக் காலத்துலயே ரெண்டு மாதிரியும் போட்டாங்க சார், பிரிச்சுடாதீங்க, மதிப்பு போயிடும்" என்றார். அடுத்த கேள்விக்கு பிளாக் செய்துவிட்டார்.

அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் சின்ன கறுப்பு எழுத்துகள் ஒரே கறுப்பாக, ஓரம் சுத்தமாக இருக்கும். இதிலோ எழுத்துக்குள்ளேயே நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன, அதாவது வேறொரு அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள். மூடியின் விளிம்பு இன்னும் மோசம். தொழிற்சாலையில் சூட்டில் அழுத்தி ஒட்டிய மூடி அட்டையோடு அட்டையாகப் படிந்திருக்கும், பிரித்தால் அச்சுத் தாளும் சேர்ந்து கிழிந்து வரும். எனக்கு வந்ததில் ஓரமெல்லாம் பசை பளபளவென்று வழிந்து, நடுவில் காற்றுக் குமிழிகள்.

பிரித்தே பார்த்துவிட்டேன். முதுகில் இருக்கும் திருகாணியின் தலை ஸ்க்ரூடிரைவர் பட்டுச் சிதைந்திருக்கிறது. இந்தப் பொம்மைகளுக்கு இடுப்பைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம்தான், வருடக்கணக்கில் காய்ந்து அறுந்துபோகும், புது வளையம் மாட்ட வேண்டுமென்றால் அந்தத் திருகாணியைக் கழற்றியாக வேண்டும். பிரிக்காத மூடிக்குள் இருந்த பொம்மையின் திருகாணியை யார் கழற்றியிருப்பார்கள்?

லூஸ் பொம்மை, அதாவது அட்டை இல்லாத பழைய பொம்மை என்று சொல்லி, நியாயமான விலைக்கு விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். ரப்பர் மாற்றுவது குற்றமில்லை, நானே பலருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பொய் அட்டைக்குள் வைத்து, சின்ன வயதில் நாங்கள் ஆசைப்பட்டதையே தூண்டிலாகப் போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் மூடியின் நான்கு விளிம்புகளும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள், பின்பக்க முகவரியையும் விலையையும் நெருக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். "எடுக்க நேரமில்லை, இன்னொருத்தர் கேட்கிறார்" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பார்சல் பிரிக்கும்போது வெளி உறையிலிருந்தே தொடர்ந்து வீடியோ எடுத்து வையுங்கள், என் புகாருக்கு இப்போது பலமாக நிற்பது அதுதான்.

உங்களில் யாரிடமாவது 1996-க்கு முந்தைய உண்மையான அட்டை இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதன் பின்பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்துப் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கையில் இருந்தால் அடுத்து வாங்குகிறவருக்கு உதவும்.